சிறு நிலமும் குடிகளின் விருப்பமும்

ஒரு நிலம் யாருடையது என்னும் வினாவுக்கு அரசியல் நூலார் பலவாறு விடை கூறுவர். முதலிற் கண்டவருடையது என்பர் சிலர். வென்று கொண்டவருடையது என்பர் வேறு சிலர். உடன்படிக்கையாற் பெற்றவருடையது என்பாரும், அண்மையிலுள்ள நாட்டினுடையது என்பாரும் உளர். ஆங்கு வாழ்வோர் எவ்வரசினை விரும்புகின்றனரோ அதனுடையது என்னும் விடை இவையெல்லாவற்றிற்கும் பிற்பட்டது. கடல் கடந்த சிறு நிலங்கள் மூன்றினை எடுத்துக்கொண்டு, இவ்விறுதி விடை எத்துணைத் தூரம் ஏற்கப்பட்டுளது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1960 ஆம் ஆண்டு டிசெம்பர் 14 ஆம் நாள் நிறைவேற்றிய 1514 ஆம் தீர்மானமே இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாகும். அதன் இரண்டாம் பந்தி, எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டென்கிறது. ஆறாம் பந்தியோ, ஒரு நாட்டின் ஆள்புல ஒருமையைச் சிதைக்கும் முயற்சி சாசனத்துக்கு மாறானது என்கிறது. குடிகளின் விருப்பத்தை வற்புறுத்துவோர் முன்னையதையும், நிலத்தின் ஒருமையை வற்புறுத்துவோர் பின்னையதையும் எடுத்துக்காட்டுவர். இங்ஙனம் இரு சாராரும் ஒரே தீர்மானத்தையே சான்றாகக் கொண்டு வழக்காடுகின்றனர்.

முதலாவது ஜிப்ரால்டர். ஏழு சதுரக் கிலோமீற்றருக்குங் குறைந்த இப்பாறை நிலம் 1704 இற் கைப்பற்றப்பட்டு, 1713 ஆம் ஆண்டின் யூத்திரெக்ட் உடன்படிக்கையாற் பிரித்தானியாவுக்கு அளிக்கப்பட்டது. ஸ்பெயின் அதனை மீட்க விழைந்தது. 1967 இல் நடந்த வாக்கெடுப்பில் 12,138 பேர் பிரித்தானியாவின் பக்கமும் 44 பேர் ஸ்பெயினின் பக்கமும் வாக்களித்தனர். எனினும் அவ்வாக்கெடுப்பு தன் தீர்மானங்களுக்கு முரணானதென்று பொதுச் சபை அவ்வாண்டிலேயே கூறிற்று. 1969 இல் பிராங்கோவின் அரசு எல்லையை அடைத்தது. வேலியின் இருபுறமும் நின்று உறவினர் உரத்துக் கூவி ஒருவரையொருவர் நலம் விசாரிக்க வேண்டியதாயிற்று. 1985 இலேயே எல்லை முற்றாகத் திறக்கப்பட்டது. இரு நாடுகளும் இறைமையைப் பகிர்ந்து கொள்ளலாமா என்று 2002 இற் கேட்கப்பட்டபோது, 17,900 பேர் மறுத்தனர். 187 பேரே இசைந்தனர்.

இரண்டாவது போக்லந்துத் தீவுகள். இவற்றை ஆர்ஜெந்தீனர் மல்வீனாஸ் என்பர். 1764 இற் பிரெஞ்சுக்காரரும் அதன்பின் பிரித்தானியரும் ஆங்குக் குடியிருப்பு அமைத்தனர். பிரெஞ்சுக்காரர் தம் பங்கை ஸ்பெயினுக்கு விட்டனர். ஸ்பெயினின் உரிமை தனக்கு வந்ததென ஆர்ஜெந்தீனா கொண்டது. 1833 இற் பிரித்தானியர் திரும்பிவந்து ஆர்ஜெந்தீனக் காவற்படையை வெளியேற்றினர். 1965 ஆம் ஆண்டின் 2065 ஆம் தீர்மானம், குடிகளின் நலன்களைக் கருத்திற்கொண்டு பேசித் தீர்க்குமாறு இரு அரசுகளையும் வேண்டிற்று. இங்கு ஒரு சொல்லை உற்று நோக்குதல் வேண்டும். தீர்மானம் கூறியது நலன்களை, விருப்பங்களையன்று. ஒருவனது நலன் இன்னதென்று பிறரும் கூறலாம். விருப்பம் இன்னதென்று அவனே கூறல் வேண்டும். வழக்கின் முடிச்சு முழுவதும் இவ்வொரு சொல்லிலே கிடக்கின்றது.

கைப்பற்றிய அரசு தானே கொண்டுவந்து குடியேற்றியோரின் வாக்கு அக்கைப்பற்றலை நேர்மையாக்காது என்பது ஆர்ஜெந்தீனாவின் வாதம். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயின் தலைமுறை பலவாக ஒரு மண்ணிற் பிறந்து இறந்தோரை எத்தனை காலத்துக்கு வந்தேறிகள் எனக் கூறலாம் என்னும் எதிர் வினாவுக்கும் விடை வேண்டும். பேச்சு முறிந்து 1982 இற் போர் மூண்டது. 74 நாட்களில் ஆர்ஜெந்தீனர் 649 பேரும் பிரித்தானியர் 255 பேரும் தீவுக் குடிகள் மூவரும் மாண்டனர். 2013 இன் வாக்கெடுப்பில் 1,513 பேர் அப்போதிருந்த நிலையே தொடர வேண்டுமென்றனர், மறுத்தோர் மூவர்.

மூன்றாவது, நமது இந்து சமுத்திரத்திலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டம். மொரிசியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்றாண்டு முன்னர், 1965 இல், பிரித்தானியா இதனை அந்நாட்டிலிருந்து பிரித்து, ஈடாக முப்பது இலட்சம் பவுண் வழங்கிற்று. டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைவதற்காக, 1968 முதல் 1973 வரையில் 1,500 க்கும் 2,000 க்கும் இடைப்பட்ட தொகையினரான குடிகள் அகற்றப்பட்டனர். தென்னந்தோட்டங்களில் உழைத்து, தலைமுறைகளாக வாழ்ந்த அவர்கள் ஒப்பந்தக் கூலிகளே, நிலையான குடிகளல்லர் என்று உலகுக்குக் கூறப்பட்டது. ஜிப்ரால்டரில் வாக்குப் பெட்டி வைக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டிலேயே ஈண்டு வெளியேற்றம் தொடங்கிற்று. போக்லந்தின் குடிகளும் 1982 இல் ஏறக்குறைய இதே தொகையினராய் இருந்தனர். அவர்தம் விருப்பத்தைக் காக்கக் கடற்படை அனுப்பிய அரசே சாகோஸ் குடிகளை ஒரு சொல்லுங் கேளாது வெளியேற்றியது என்பதை எவரும் மறத்தலாகாது.

2019 இற் சர்வதேச நீதிமன்று, அப்பிரிவினை மக்களின் உண்மையான சுதந்திர விருப்பத்தின்படி நிகழவில்லை எனக் கருத்துரைத்தது. 2025 மே மாதத்திற் பிரித்தானியாவும் மொரிசியசும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, இறைமையை மொரிசியசுக்கு அளித்து, டியேகோ கார்சியாவின் ஆட்சியை 99 ஆண்டுகளுக்குப் பிரித்தானியாவிடம் விடுவதாக அமைந்தது. சாகோஸ் மக்களுட் சிலர் அதனை வரவேற்றனர்; தம்மைக் கேளாமலே மீண்டும் தம் நிலம் கைமாறுகிறதெனச் சிலர் வருந்தினர். பேச்சு நடாத்தியவை இரு அரசுகளே; தீவின் மக்கள் அதில் ஒரு தரப்பினராய் இருந்திலர்.

இவற்றால் நாம் அறிவன யாவை? வாக்கெடுப்பென்று கேட்டவுடன் அமைதியடைதல் கூடாது. கேட்பவர் யார், வாக்குடையோர் எனக் கணிக்கப்பட்டவர் யார், வாக்குத்தாளில் எவ்வெத் தெரிவுகள் இருந்தன என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் எழுப்புதல் வேண்டும். அங்ஙனமே பழைய பட்டயத்தையும் படத்தின் அண்மையையும் மட்டுங்கொண்டு தீர்ப்புக் கூறலும் தகாது. நிலத்துக்கு வாயில்லை, அதில் வாழ்வோர்க்கு உண்டு. தொகையிற் சிறியோர் என்னுங் காரணத்தால் அவர்தம் உரிமையும் சிறுத்துவிடாது என்பதே இம்மூன்று வரலாறுகளும் நமக்குப் புகட்டும் பாடமாகும்.