தேர்ட் பார்ட்டி மருந்தும் உன் கையெழுத்தும்

அன்புத் தம்பிக்கு,

பி.பார்ம் முடித்து மருந்துக் கம்பெனி ஒன்றின் தரப் பிரிவில் சேர்ந்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ச்சி. “கம்பெனிக்கு என்று ஒரு மெஷின்கூடக் கிடையாது, எல்லாம் தேர்ட் பார்ட்டிதான். எனக்கு இங்கே என்ன வேலை?” என்று எழுதியிருந்தாய். சொந்த ஆலை வைத்திருக்கும் கம்பெனியைவிட இங்கேதான் உனக்கு வேலை அதிகம்.

அடுத்தவர் ஆலையில் மருந்து செய்துவாங்குவது குற்றமல்ல. இமாசலப் பிரதேசத்தின் பத்தி, நாலாகர் பகுதியில் வரிச்சலுகைக்குப் பின் குவிந்த ஆலைகளில் பல, பிறர் பிராண்டுக்கு மாத்திரை போட்டே பிழைக்கின்றன. கோளாறு வருவது “அதை அவர்கள் பார்த்திருப்பார்கள்” என்று இரு தரப்பும் நம்பிவிடும் இடத்தில்தான்.

2023-இல் அமெரிக்காவில் ‘எஸ்ரிகேர்’ என்ற கண் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அதைச் செய்தது சென்னைக்கு அருகே உள்ள ஓர் ஆலை. விற்றது ஓர் அமெரிக்க நிறுவனம். ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்றியது. நால்வர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். பலமுறை திறந்து மூடும் பாட்டிலில், போதிய பிரிசர்வேட்டிவ் இல்லாமல் மருந்தை அடைத்திருந்தது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிய குறைகளுள் ஒன்று. லேபிள் வடிவமைத்ததும் விற்றதும் மட்டுமே தங்கள் வேலை என்றது விற்ற நிறுவனம். யோசித்துப் பார். ஃபார்முலாவையும் பாட்டிலையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், உன்னைப் போன்ற புதியவரே “இதற்குப் பிரிசர்வேட்டிவ் போதுமா?” என்று கேட்டிருக்கலாம். அதற்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை.

பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. 2021-இல் பால்டிமோரில் ஓர் ஒப்பந்த ஆலை, ஜான்சன் அண்ட் ஜான்சன், அஸ்ட்ராஜெனெகா ஆகிய இரண்டு கொரோனா தடுப்பூசிகளுக்கும் ஒரே வளாகத்தில் மூலமருந்து செய்தது. ஒன்றின் பொருள் மற்றதில் கலந்தது. ஏறத்தாழ 1.5 கோடி டோஸ் ஜான்சன் தடுப்பூசிக்கான சரக்கு வீணானது. ஆகவே ஆடிட்டுக்குப் போனால் நம் மருந்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. அதே லைனில் நேற்று என்ன ஓடியது, இடையில் எப்படிக் கழுவினார்கள், கழுவியது சுத்தமானது என்பதற்கு என்ன சான்று என்று கேள்.

பொறுப்பை ஆலையின் தலையில் கட்டிவிட முடியாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. அடுத்தவர் ஆலையில் செய்ய நம் பெயரிலேயே உரிமம் வாங்கும் லோன் லைசென்ஸ் எடுத்தால் உற்பத்தியாளர் என்ற பொறுப்பு நேரே நம் கம்பெனி மேல் விழும். தேர்ட் பார்ட்டியில் உரிமம் ஆலையின் பெயரில் இருக்கும். ஆனாலும் 2021 மார்ச் 1 முதல் விற்பவரும் உற்பத்தியாளரோடு சேர்ந்து தரத்துக்குப் பொறுப்பு என்று மருந்து விதிகள் மாறிவிட்டன. கல்யாணச் சமையலைக் காண்ட்ராக்டுக்கு விட்டாலும், சாம்பார் ஊசிப்போனால் பந்தியில் பேச்சு வாங்குவது பெண்வீட்டார்தானே!

வேலையில் நான் வற்புறுத்துவது மூன்று.

முதலாவது, தர ஒப்பந்தத்தை வரி வரியாகப் படி. மூலப்பொருளை வாங்குவது யார், சோதிப்பது யார், சப்ளையரை மாற்றினால் யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். சிரப் என்றால் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் இரண்டிலும் டைஎத்திலீன் கிளைக்கால் கலப்பு உண்டா என்ற சோதனை அறிக்கையைக் கையில் வாங்கு. குழந்தைகளைத் திரும்பத் திரும்பக் கொன்ற நஞ்சு அது. சப்ளையர் தந்த சான்றிதழின் நகல் மட்டும் போதாது.

இரண்டாவது, விலை பேசும் கூட்டத்தில் உனக்கும் ஓர் இடம் கேள். மாத்திரைக்குச் சில பைசா குறைத்ததாக பர்ச்சேஸ்காரர் பெருமைப்படுவார். அந்தப் பைசா எந்தச் சோதனையில், எந்தச் சரக்கில் குறைந்தது என்று நீ கேட்க வேண்டும். கேட்டால் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

மூன்றாவது, பேட்ச் ரெக்கார்டு. ஒரு துளி அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லா நேரமும் ஐந்தின் மடங்காக, ஒரே பேனாவில் எழுதிய ரெக்கார்டு வந்தால் சந்தேகப்படு. உண்மையாக வேலை நடந்த இடத்தில் சிறு பிசகாவது பதிவாகியிருக்கும். அதை மறைக்காமல் எழுதும் ஆலையை மதித்துத் தக்கவைத்துக்கொள்.

மாதக் கடைசியில் “டார்கெட் இருக்கிறது, ரிலீஸ் போடு” என்று போன் வரும். முழுதாகப் படிக்காத பேட்சுக்குக் கையெழுத்துப் போடாதே. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்