இரும்புக் கற்களும் கருமணலும்: அவற்றை இனங்காணும் முறை

நிலத்தை உழுவோரும், கிணறு வெட்டுவோரும், ஓடையில் மணல் அள்ளுவோரும் கறுத்துக் கனத்த கற்களையும் மணலையும் அடிக்கடி காண்கின்றனர். சிலர் அவற்றைப் பயனற்றவை என்று வரப்பில் எறிந்து விடுகின்றனர். வேறு சிலர் விலைமதிப்பற்ற பொருள் என்று எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றனர். இரண்டும் அறியாமையின் விளைவே. முன்னதால் வரும் நஷ்டம் சிறிது. பின்னதால் கடன்பட்டு நொந்த குடும்பங்கள் பல. காந்தம் ஒன்று, பீங்கான் துண்டு ஒன்று, தராசு ஒன்று ஆகிய மூன்றும் இருப்பின், இத்தகைய கற்களுள் பெரும்பாலானவற்றை எவரும் தம் வீட்டுத் திண்ணையிலேயே இனங்கண்டு கொள்ளலாம். அம்முறை ஈண்டு விளக்கப்படுகின்றது.

இக்கனிமங்கள் யாவை?

ஈரக்காற்றிற் கிடக்கும் இரும்பு துருப்பிடிப்பதை யாவரும் அறிவர். இரும்பு நீரின் உதவியால் பிராணவாயுவோடு கூடுவதே துருவாகும். பூமியினுள்ளும் இரும்பு தனித்துக் கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடியே கிடைக்கின்றது. டைட்டானியம் என்னும் உலோகமும் அவ்வாறே. இங்ஙனம் கூடிய பொருள்களுள் நம் நாட்டிற் பெரிதும் காணப்படுவன ஐந்து.

முதலாவது மாக்னடைட்டு என்னும் காந்தக் கல். இது கறுப்பு நிறமுடையது. தூய நிலையில் 100 பங்கில் 72 பங்கு இரும்பு. சேலத்தை அடுத்த கஞ்சமலையிலும், திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்திமலையிலும் இது வெண்கற் படிகத்தோடு பட்டை பட்டையாகக் கலந்து கிடக்கின்றது. மழைக்காலத்தில் மலையினின்றும் அரித்து வரப்பெற்ற கறுத்த பரல்களை நம் முன்னோர் ஓடைகளிற் சேகரித்து, கழுவி, கரியோடு சேர்த்து மண் உலைகளில் உருக்கி இரும்பெடுத்தனர். 1830-ஆம் ஆண்டில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பு ஆலைக்கும் சேலத்துக் கல்லே சென்றது.

இரண்டாவது ஹேமடைட்டு. இதில் 100-க்கு 70 பங்கு இரும்பு. இஃது இரு வேடம் பூணும். ஓரிடத்தில் எஃகு போல் கறுத்து மின்னும். மற்றோரிடத்தில் செங்காவிக் கல்லாய்க் கையில் ஒட்டும். செம்மண்ணுக்கும், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலுக்கும் செந்நிறம் அளிப்பது பரல்களின் மேல் மெல்லிதாய்ப் படிந்த இப்பொருளே.

மூன்றாவது லிமோனைட்டு எனப்படும் மஞ்சட்காவி. இஃது இரும்பும், பிராணவாயுவும், நீரும் கூடியது. துருவின் உடன்பிறப்பு எனலாம். சூளையிலிட்ட மஞ்சள் மண் செங்கல்லாய்ச் சிவப்பதன் காரணமும் இதனால் விளங்கும்: வெப்பத்தால் நீர் நீங்க, மஞ்சட்காவி செங்காவியாகி விடுகின்றது.

நான்காவது இல்மனைட்டு. இரும்பும், டைட்டானியமும், பிராணவாயுவும் சேர்ந்தது. கடற்கரைக் கருமணலிற் பெரும்பகுதி இதுவே. 1791-ஆம் ஆண்டில் வில்லியம் கிரெகர் என்னும் பாதிரியார் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் ஓடையின் கருமணலை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத உலோகம் ஒன்று உண்டெனக் கண்டார். 1795-ஆம் ஆண்டில் கிளாப்ராத் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூட்டைலிலும் அவ்வுலோகத்தைக் கண்டு, டைட்டானியம் எனப் பெயரிட்டார். இல்மனைட்டு என்னும் பெயர் ருஷ்ய நாட்டு இல்மன் மலைகளால் வந்தது.

ஐந்தாவது ரூட்டைல். இதில் இரும்பு பெரும்பாலும் இராது; டைட்டானியமும் பிராணவாயுவுமே உண்டு. செம்பழுப்பு நிறத்தோடு வைரம் போன்ற பளபளப்பு உடையது. சில வேளை கறுத்தும் தோன்றும்.

முதற் பரீட்சை: உரைகோடு

மேற்கூறிய ஐந்தும் கறுத்துத் தோன்றக்கூடுமாதலின், கண்ணால் கண்ட நிறத்தை நம்புதல் தகாது. பொற்கொல்லர் பொன்னின் நிறத்தை நம்பாது உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது போலவே கனிமத்தையும் உரைத்துப் பார்த்தல் வேண்டும். இதற்கு வெண்பீங்கான் வேண்டும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடிவிளிம்பில் மெருகு பூசப்படாத சொரசொரப்பான பகுதி தெரியும். கல்லின் கூர்முனையை அதன்மீது அழுத்தி இழுத்தால் பொடியாலாகிய கோடு ஒன்று விழும். அக்கோட்டின் நிறமே கனிமத்தின் மெய்யான அடையாளம்.

கோடு கறுப்பாயின் மாக்னடைட்டு, செம்பழுப்பு அல்லது இரத்தச் சிவப்பாயின், கல் எவ்வளவு கறுத்து மின்னினும் அது ஹேமடைட்டு, மஞ்சட்பழுப்பாயின் லிமோனைட்டு. இல்மனைட்டின் கோடு கறுப்பு, அல்லது பழுப்புச் சாயல் கொண்ட கறுப்பு. ரூட்டைலின் கோடு வெளிறிய பழுப்பு. கோடு விழாது பீங்கானே கீறப்படுமாயின், கல் பீங்கானினும் கடியது என்று கொள்க; அதன் ஒரு சிறு துண்டைப் பொடியாக்கி வெள்ளைக் காகிதத்தில் தேய்த்து நிறம் காணலாம்.

இரண்டாம் பரீட்சை: காந்தம்

பழைய ஒலிபெருக்கிகளிற் கிடைக்கும் சாதாரணக் காந்தம் இதற்குப் போதும். மாக்னடைட்டு அதனிடம் தாவி ஒட்டிக் கொள்ளும். ஹேமடைட்டும் இல்மனைட்டும் சாதாரணக் காந்தத்திற்குச் சிறிதே இணங்கும், அல்லது இணங்கவே மாட்டா. லிமோனைட்டும் ரூட்டைலும் இணங்குவதில்லை. ஆயின் இக்காலத்தில் கடைகளில் விற்கும் மிக வலிய சிறு காந்தங்கள் இல்மனைட்டையும் இழுத்து விடும். ஹேமடைட்டிற் சிறிது மாக்னடைட்டு கலந்திருப்பினும் காந்தம் அதனைப் பற்றும். ஆதலின் காந்தம் ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. உரைகோட்டையும் உடன் வைத்தே முடிவு செய்தல் வேண்டும்.

மூன்றாம் பரீட்சை: நீரில் நிறுத்தல்

ஒரு பொருள் தன் பருமனுள்ள நீரைப்போல் எத்தனை மடங்கு கனமுடையது என்பதை ஒப்படர்த்தி என்பர். அதனை அறிதல் எளிது. கல்லை நூலிற் கட்டித் தராசில் தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். பின்னர், அது பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதவாறு நீரில் முழுதும் அமிழ்ந்திருக்க மீண்டும் நிறுக்க வேண்டும். முதல் எடையை, நீரிற் குறைந்த எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். உதாரணமாக, காற்றில் 520 கிராம் உள்ள கல் நீரில் 420 கிராம் ஆயின், குறைவு 100 கிராம். 520-ஐ 100-ஆல் வகுக்க 5.2 வரும்.

மாக்னடைட்டும் ஹேமடைட்டும் ஏறக்குறைய 5.2, இல்மனைட்டு 4.7, ரூட்டைல் 4.2, லிமோனைட்டு பெரும்பாலும் 4-க்கும் குறைவு. சாதாரண வெண்கற் படிகம் 2.65 மட்டுமே.

இக்கணக்கால் கல்லின் தரமும் புலப்படும். கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டையிட்ட கல் ஒன்று 3.5 காட்டுமாயின், அதன் எடையிற் பாதியளவே மாக்னடைட்டு; எஞ்சியது வெண்கல். அதாவது 100 பங்கில் 36 பங்கே இரும்பு. இத்தகைய கல்லை உடைத்துத் தூளாக்கி, மாக்னடைட்டைப் பிரித்தெடுத்த பின்னரே உலைக்கு அனுப்ப வேண்டியிருத்தலின், கஞ்சமலை போன்ற இடங்களில் மலையளவு கல்லிருந்தும் அதன் விலை ஏறுவதில்லை.

தவறாக எண்ணப்படுவன

பல ஊர்களில் பழைய இரும்பு உலைகளின் கழிவாகிய கிட்டம் மேடு மேடாகக் கிடக்கின்றது. கண்ணாடி போன்ற மேற்பரப்பும், உள்ளே குமிழிகள் விட்ட துளைகளும் கொண்டது கிட்டம். கனிமங்களில் அத்தகைய குமிழித் துளைகள் இரா. தொட்டவுடன் விரலிற் கரி போல் ஒட்டும் கருங்கட்டி மாங்கனீசுக் கல்லாக இருக்கக்கூடும். வானினின்று வீழ்ந்த கல் என்று விலை கூறப்படும் கற்களுள் பல வெறும் மாக்னடைட்டும் ஹேமடைட்டுமே. கறுப்பாகவோ சிவப்பாகவோ அழுத்தமான உரைகோடு விழுமாயின், அது வான்கல் அன்றென ஐயுற இடமுண்டு.

மணலை ஆராயும் விதம்

மணலாயின் உரைத்துப் பார்த்தல் இயலாது. அரிசியிற் கல் அரிப்பது போல, அகன்ற தட்டிலோ சிரட்டையிலோ மணலை நீர் விட்டு அரித்தால், இலேசான வெண்மணல் நீரோடு வழிந்துபோகக் கனத்த பரல்கள் அடியில் தங்கும். அவற்றை உலர்த்திப் பரப்பி, காகிதத்திற் பொதிந்த காந்தத்தை மேலே நகர்த்த வேண்டும். காகிதத்திற் பற்றிய பரல்கள் மாக்னடைட்டு. காந்தத்தை எடுத்துவிடின் அவை தாமே உதிர்ந்து விடும். எஞ்சிய கரும்பரல்கள் பெரும்பாலும் இல்மனைட்டு. அவற்றின் நடுவே செம்பழுப்பாய் மின்னுவது ரூட்டைலாகலாம். இளஞ்சிவப்பாய்த் தெளிந்திருப்பது கார்னெட்டு. தேன் நிற மஞ்சளாய் உருண்டிருப்பது மோனசைட்டு. மோனசைட்டில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு; அதனை வீட்டிற் சேர்த்து வைத்தல் கூடாது.

கருமணலின் பயன்

திருவிதாங்கூர்க் கடற்கரை மணலை முதலில் நாடினோர் மோனசைட்டையே விரும்பினர். இல்மனைட்டு கழிவாகத் தள்ளப்பட்டது. பின்னர், இக்கருமணலிலிருந்து தூய வெண்ணிறச் சாயம் எடுக்கலாம் என்பது தொழிலில் நிலைபெற, கழிவே சரக்காயிற்று. இன்று சுவர்ப்பூச்சு, காகிதம், பிளாஸ்டிக்கு ஆகியவற்றின் வெண்மைக்குக் காரணம் பெரும்பாலும் இச்சாயமே.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் இல்மனைட்டில் 100-க்கு 55 பங்கு அளவிலும், கேரளத்துச் சவறை மணலின் இல்மனைட்டில் 60 பங்கு அளவிலும் டைட்டானிய ஆக்ஸைடு உண்டு. தூய இல்மனைட்டில் இருக்க வேண்டியதோ 53-க்கும் சற்றுக் குறைவு. நெடுங்காலம் வெயிலிலும் நீரிலும் கிடந்து இரும்பின் ஒரு பகுதி கரைந்து நீங்கியமையே இம்மிகுதிக்குக் காரணம். ஆயினும் இதனைப் பிரித்தெடுப்பதற்குப் பெரிய காந்த யந்திரங்களும் மின் யந்திரங்களும் வேண்டும். ஒரு வண்டி மணல் வைத்திருப்பவருக்கு அதனால் யாதொரு பொருளும் வராது. மேலும், அனுமதியின்றி இம்மணலைத் தோண்டுதலும் விற்றலும் குற்றமாகும். 2013-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசாங்கம் கடற்கரைக் கனிமங்களைத் தனியார் எடுப்பதற்குத் தடை விதித்தது.

ஒரு மோசத்தைப் பற்றிய எச்சரிக்கை

இடி விழுந்த செப்புக் கலசம் இரிடியமாகி விடும் என்றும், அது அரிசியை இழுக்கும் என்றும், அயல்நாட்டார் அதனைக் கோடிக்கணக்கில் வாங்குவர் என்றும் சொல்லித் திரிவோர் உளர். பரிசோதனைக் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று முன்பணம் பெற்றுக்கொண்டு அவர்கள் மறைந்து விடுகின்றனர். இத்தகைய வழக்குகள் பல காவல் நிலையங்களிற் பதிவாகியுள்ளன.

இதன் சூது மிக எளியது. அரிசியில் முன்னமே இரும்புத்தூள் ஏற்றப்பட்டிருக்கும். கலசத்தினுள் காந்தம் ஒளிந்திருக்கும். அரிசியை இழுக்கும் உலோகம் உலகில் இல்லை. இரிடியமோ, இரும்பைப் போல் காந்தத் தன்மை உடையதே அன்று. வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு பிடி அரிசியைத் தாமே கொணர்ந்து அக்கலசத்தின் அருகே வைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். நீரில் நிறுத்துப் பார்ப்பினும் அதுவே. செம்பின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 9. இரிடியத்தின் ஒப்படர்த்தி 22-க்கும் மேல். தராசைக் கொண்டுவரச் சொன்ன மாத்திரத்தில் எழுந்து செல்பவர் வியாபாரி அல்லர்.

செய்யத்தக்கது

நிலத்திற் கனத்த கல் கிடைப்பின் முதலில் உரைகோடு, அடுத்துக் காந்தம், பின்னர் நீரில் நிறுத்தல் என்னும் மூன்றையும் செய்து, கண்டதைக் கிடைத்த இடத்தின் பெயரோடு காகிதத்தில் எழுதி வைத்தல் நன்று. கல் அளவாலும் தரத்தாலும் பெரிதெனத் தோன்றின், ஒரு துண்டை மாவட்டத்துப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்திற் காட்டி விசாரிக்கலாம். எவருக்கும் முன்பணம் கொடுத்தல் வேண்டா. கல் தன் இயல்பைத் தானே கூறும். பொறுமையோடு உரைத்தும் நிறுத்தும் பார்ப்பவரைப் பிறர் சொல் ஏமாற்றுவது அரிது.