உணவுக்குப் பின் பத்து நிமிட நடை

தொற்றுநோய்களை ஒடுக்குவதே நம் நாட்டின் சுகாதாரத் திட்டங்களின் தலையாய நோக்கமாக நெடுங்காலம் இருந்து வந்தது. இன்று நீரிழிவும் உடற்பருமனும் அதற்கு இணையான சுமைகளாகிவிட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 2021-இல் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவுக்கும், 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலைக்கும் ஆளாகியிருந்ததாக மதிப்பிட்டது. வாழ்நாள் முழுவதும் மருந்து வாங்க வேண்டிய இந்நோய், எளிய குடும்பங்களின் வருவாயை மெல்ல மெல்லக் கரைத்து விடுகிறது. ஆகவே, செலவற்ற துணை முறைகள் தனிக் கவனத்திற்குரியவை.

உடலில் நிகழ்வது

அரிசி, கோதுமை போன்ற தானியங்களே நம் உணவில் மிகுதி. இவற்றிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. பொதுவாக, உண்ட ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரை உச்சத்தை எட்டுகிறது. இயங்கும் தசைகளோ இன்சுலினின் துணையை அதிகம் நாடாமலேயே சர்க்கரையை ஈர்த்துக் கொள்ள வல்லவை. எனவே, உண்டபின் சற்று நேரத்தில் நடக்கத் தொடங்கினால், சர்க்கரை ஏறும் வேளையிலேயே அது செலவாகத் தொடங்குகிறது.

நியூஸிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 41 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. நாளில் ஏதேனும் ஒரு வேளையில் 30 நிமிடம் நடப்பதைக் காட்டிலும், மூன்று முக்கிய உணவுகளுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்திருந்தது. இரவு உணவுக்குப் பின் இக்குறைவு 22 சதவீதம். மொத்த நேரம் ஒன்றே. அதைப் பகிர்ந்தளித்த விதமே பயனைப் பெருக்கிற்று.

எடை குறைய

உடற்பருமனைப் பொறுத்தவரை, நடக்கும் வேளையைவிட உண்ணும் அளவும் மொத்த உழைப்புமே முதன்மையானவை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவையென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாள்தோறும் மும்முறை பத்து நிமிடம் சற்று விரைந்து நடப்பவர் ஐந்தே நாட்களில் இவ்வளவை எட்டிவிடுவார்.

எச்சரிக்கைகள்

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ உட்கொள்வோருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும். இத்தகையோரும் இதய நோயாளரும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். பாதங்களில் உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. நடை மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

திட்டமிடுவோர் கடமை

மிகுந்த பயன் தருவது இரவு உணவுக்குப் பிந்தைய நடையே. ஆனால், அவ்வேளையில் நடக்க வெளிச்சமுள்ள தெருவும், ஆக்கிரமிப்பற்ற நடைபாதையும், பெண்கள் அஞ்சாது செல்லும் சூழலும் வேண்டுமல்லவா? பல ஊர்களில் பூங்காக்கள் இரவு உணவு வேளைக்கு முன்பே மூடப்பட்டு விடுகின்றன. தெருவிளக்கையும் நடைபாதையையும் நகராட்சிச் செலவாக மட்டும் கருதாமல், நோய்த் தடுப்பு முதலீடாகவும் கணக்கிடுதல் வேண்டும். அலுவலகங்களும் மதிய உணவு இடைவேளையில் பத்து நிமிட நடைக்கு இடந்தரலாம். மக்கள் முயற்சியும் ஊராட்சி, நகராட்சிகளின் ஒத்துழைப்பும் இணைந்தால், இவ்வெளிய பழக்கம் நாடெங்கும் வேரூன்றும்.