கல் சொன்னதும் கைப்பேசி சொன்னதும்

நம்பிக்கை: பத்து இடத்தில் ஒரே செய்தி இருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

தோ பாயோ பொது நூலகத்தில் உட்கார்ந்து ஒப்படைப்பு எழுதும் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவர், சிங்கப்பூரில் தமிழரின் தொன்மை பற்றித் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர்க் கல்லில் ராஜேந்திர சோழன் பெயர் நிரூபணமாகிவிட்டது என்ற செய்தி காணொளியிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து விழும். எல்லாரும் சொல்கிறார்களே என்று அவர் எழுதிவிடுவார்.

உண்மை என்ன? சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற அந்தப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஏறக்குறைய ஐம்பது வரிகள் கொண்ட எழுத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது தேசிய அரும்பொருளகத்தில் உள்ள ஒரு துண்டு. அதன் எழுத்து ‘காவி’ எனும் பழைய ஜாவா எழுத்து வகை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றுவரை யாரும் அதை முழுமையாகப் படித்ததில்லை. 2019இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆய்வாளர் இயன் சின்கிளேர், ஓரிடத்தில் ‘கேசரிவ’ என்று படிக்க முடிகிறது, அது ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். அந்த ‘இருக்கலாம்’ கைப்பேசிக்குக் கைப்பேசி தாவும்போது உதிர்ந்துபோனது. அவர் படித்தது சரியென்றே கொண்டாலும், சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடியவர்கள். பரகேசரி என்றாலே ராஜேந்திரன்தான் என்று சொல்லிவிட முடியாது.

ஆக, பத்து இடமும் ஒரே இடம். முதலில் சொன்னவர் யார், எப்போது சொன்னார், எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். நமக்குப் பெருமை தரும் செய்தி என்றால் இன்னும் ஒருமுறை கூடுதலாகப் பார்க்க வேண்டும். பிள்ளைகளிடம் இதை நான் விடாமல் சொல்கிறேன். அதே சமயம், ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பை எழுதத் தயங்க வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே அதைப் பேசுகிறது.

நம்பிக்கை: முகவரி ‘டாட் ஓஆர்ஜி’ என்று முடிந்தால் நம்பலாம்.

பணம் கட்டினால் அந்த முகவரியை யாரும் வாங்கலாம். ‘டாட் கவ் டாட் எஸ்ஜி’ மட்டும் அரசாங்க அமைப்புகளுக்கே உரியது.

நம்பிக்கை: விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது.

தொடலாம், மேற்கோள் காட்டத்தான் கூடாது. கட்டுரையின் அடியில் இருக்கும் சான்றுகளைத் திறந்து படித்து, அவற்றைக் காட்டுங்கள். சான்றே இல்லாத வரி என்றால் விட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: செயற்கை நுண்ணறிவு நூல் பெயரும் பக்க எண்ணும் தருகிறது, பிறகென்ன?

இல்லாத நூலுக்கும் அது பக்க எண் தரும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அந்த வழக்குகள் நடந்ததே இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தேசிய நூலக வாரியத்தின் பட்டியலில் நூலின் பெயரைத் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நம்பிக்கை: தாத்தா நேரில் பார்த்தவர், அவர் சொன்னால் சரிதான்.

எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. தோ பாயோதான் சிங்கப்பூரின் முதல் துணைநகரம் என்று இங்கே குடிவந்த பெரியவர் ஒருவர் உறுதியாகச் சொல்லக்கூடும். குவீன்ஸ்டவுன் அதற்கு முந்தியது. 1950களிலேயே வேலை தொடங்கிவிட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடக்கம் முதல் தானே திட்டமிட்டுக் கட்டிய முதல் நகரம்தான் தோ பாயோ. ஆண்டுக்கும் எண்ணிக்கைக்கும் பழைய நாளிதழ்களையும் ஆவணங்களையும் பாருங்கள். நூலக வாரியம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. நாளிதழும் அன்றைக்குத் தெரிந்ததைத்தான் எழுதியிருக்கும். திட்டம் அறிவித்த செய்தியை, கட்டி முடித்ததற்குச் சான்றாகக் காட்டாதீர்கள்.

அதற்காகப் பெரியவரை ஒதுக்கிவிட வேண்டாம். கம்பத்திலிருந்து எப்படிக் கிளம்பச் சொன்னார்கள், கோழிகளையும் காய்கறித் தோட்டத்தையும் என்ன செய்தார்கள், புது புளோக்கில் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் அவரிடமே கேட்க வேண்டும். வாய்மொழி வரலாறு 1979 முதல் சிங்கப்பூரில் முறையாகப் பதிவாகிறது. நீங்களும் பேட்டி எடுத்த நாள், அவருடைய வயது, எந்த ஆண்டு குடிவந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, அவர் நேரில் கண்டதைத் தனியாகவும் கேள்விப்பட்டதைத் தனியாகவும் எழுதுங்கள்.