உள்ளத்தின் சுமையை உடல் காட்டும் குறிப்புகள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் மொழி. அகத்தின் மகிழ்ச்சி வெளிப்படுவது போலவே அகத்தின் துயரும் வெளிப்படத்தான் செய்கிறது. ஆனால் அஃது எப்போதும் முகத்திலே தெரிவதில்லை. வயிற்றிலும், கழுத்திலும், பற்களிலும், உறக்கத்திலும் மறைந்து நின்று தன்னைக் காட்டிக் கொள்கிறது. வாய் சொல்லத் தயங்குவதை உடல் சொல்லிவிடுகிறது. அம்மொழியை நாம் அறிந்துகொண்டால், நம் வீட்டுச் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் நேரும் பல துன்பங்களைத் தொடக்கத்திலேயே களையலாம்.

மன உளைச்சல் என்பது யாது?

தாங்க இயலாத சுமை தன்மீது விழுந்ததாக உள்ளம் உணரும்போது உள்ளத்திலும் உடலிலும் ஓர் இறுக்கம் உண்டாகிறது. அதனையே மன உளைச்சல் என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். பால்மரக் காட்டில் நடந்து செல்லும் ஒருவர் தம் காலருகே பாம்பைக் கண்டுவிடுகிறார். அக்கணமே அவருடைய நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா வறள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் நீர்களைக் குருதியில் கலக்கின்றன. கை கால்களின் தசைகளுக்குக் குருதி மிகுதியாகப் பாய்கிறது. அவ்வேளையில் உணவைச் செரிக்கும் வேலை அவசரமன்று. ஆதலின் வயிற்றின் வேலை குறைகிறது. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகிவிட்டது! பாம்பு புதருக்குள் மறைந்ததும் சிறிது நேரத்தில் யாவும் தணிந்துவிடும். இஃது இயற்கை நமக்கு அளித்த காவல்.

ஆனால் கடன் தொல்லையும், மழை நாள்களில் மரம் வெட்ட இயலாமல் குறையும் வருவாயும், ஆலையில் மாறி மாறி வரும் இரவு வேலையும், குடும்பச் சச்சரவும் பாம்பைப் போல் ஓடி மறைவதில்லை. அவை நாள்தோறும் நம்முடனே இருக்கின்றன. அதனால் உடல் இரவும் பகலும் காவல் நிற்கிறது. ஓய்வில்லாக் காவலாளி தளர்வது போலவே உடலும் தளர்கிறது.

அறிஞர்கள் கண்ட உண்மை

அமெரிக்க நாட்டு அறிஞர் வால்டர் கேனன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ மாணவராய் இருந்தபோது, எக்ஸ்ரே கதிர்களின் துணைகொண்டு பூனையின் வயிறு உணவைச் செரிக்கும் முறையை ஆராய்ந்தார். பூனை அச்சமோ சினமோ கொண்டபோது அதன் வயிற்றின் அசைவு நின்றுபோயிற்று. அமைதியடைந்ததும் மீண்டும் தொடங்கிற்று. உள்ளத்தின் கலக்கம் வயிற்றைத் தாக்கும் என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

பின்னர், 1936ஆம் ஆண்டில், கனடாவில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர், பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்தப்பட்ட எலிகளின் உடலில் ஒரே வகையான மாற்றங்களைக் கண்டார். அவற்றின் அட்ரினல் சுரப்பிகள் பருத்திருந்தன; வயிற்றில் புண்கள் தோன்றியிருந்தன. துன்பங்கள் பலவாயினும் உடல் அவற்றிற்குக் காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றே என்று அவர் எடுத்துரைத்தார்.

சிறுவரிடம் தோன்றும் குறிப்புகள்

பள்ளிக்குப் புறப்படும் வேளையில், "அம்மா, வயிறு வலிக்கிறது" என்று பிள்ளை சொல்கிறது. விடுமுறை நாளில் அவ்வலி இல்லை. உடனே, "பொய் சொல்கிறாய், பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறாய்" என்று கடிந்து கொள்கிறோம். சில வீடுகளில் பிரம்பும் எடுக்கப்படுகிறது. கேனன் கண்ட பூனையை இங்கு நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அப்பிள்ளையின் வயிறு மெய்யாகவே வலிக்கக்கூடும். வலி மெய், அதன் வேர் மட்டுமே வேறிடத்தில் உள்ளது. உடன்பயிலும் மாணவனின் கேலியாகவோ, வாசிக்க வராத வெட்கமாகவோ, வீட்டில் இரவில் கேட்ட சண்டையாகவோ அவ்வேர் இருக்கலாம்.

அடிக்கடி வரும் தலைவலி, நகத்தைக் கடித்தல், உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடித்தல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், பசியின்மை ஆகியனவும் இத்தகைய குறிப்புகளாக இருக்கலாம். மலேசியாவில் 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. எனினும் ஆறாம் ஆண்டை முடித்து, மலாய்மொழி வழியே பயிலும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லப்போகும் தமிழ்ப்பள்ளி மாணவரின் உள்ளத்தில் எழும் அச்சம் நீங்கிவிடவில்லை என்பதனை நாம் மறத்தலாகாது.

பெரியோரிடம் தோன்றும் குறிப்புகள்

காலையில் எழும்போதே தாடை வலித்தல், நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற் போன்ற தலைவலி, தம்மை அறியாமலே தோள்கள் உயர்ந்து இறுகியிருத்தல், அடிக்கடி பெருமூச்சு விடுதல், விரல்கள் குளிர்ந்திருத்தல், நள்ளிரவுக்குப் பின் விழித்து உறக்கம் வராமல் புரளுதல், வயிறு உப்புதல் ஆகியன பெரியோரிடம் காணப்படுவன. பெருந்துயர் நிகழ்ந்து இரண்டு மூன்று திங்கள் சென்றபின் தலைமயிர் மிகுதியாக உதிர்வதும் உண்டு. காலம் கடந்து தோன்றுவதால் பலர் அதன் காரணத்தை உணர்வதில்லை. இனிப்புநீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு உடையோர்க்கு, உணவில் கவனமாய் இருந்தும் மன உளைச்சலால் சர்க்கரை அளவு கூடுதல் இயல்பு.

உழைப்பால் வந்த வலியா, உளைச்சலால் வந்த வலியா என்று பிரித்தறிவது எளிதன்று. நீண்ட கோலில் கட்டிய அரிவாளால், அண்ணாந்து பார்த்தபடியே செம்பனைக் குலை அறுப்பவர்க்குக் கழுத்து வலிப்பது இயற்கையே. ஆயினும் ஓய்வு நாளில் உழைப்பின் வலி பெரும்பாலும் தணியும். ஓய்வெடுத்தும் தணியாமல், சம்பள நாளுக்கு முன்னரும், கடன்காரர் வரும் நாளிலும் வலி மிகுமானால், உள்ளத்தையும் உசாவிப் பார்த்தல் நலம்.

எச்சரிக்கை

எல்லா வலிக்கும் மனமே காரணம் என்று முடிவு கட்டுதலும் தவறாகும். முதலில் மருத்துவரைக் காண்பதே முறை. நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிள்ளையின் வயிற்றுவலி தொப்புளிலிருந்து வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்தாலும், வலியோடு காய்ச்சலும் வாந்தியும் வந்தாலும் தாமதித்தல் ஆகாது. இரத்தக் கொதிப்போ பெரும்பாலும் எக்குறியும் காட்டாது. அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. இரவில் வலியை மறக்க மதுவை நாடுவோர் உளர். மது உறக்கத்தை இடையிலே கலைக்கும். குடும்பத்தின் கவலையைப் பெருக்கும். வலி மாத்திரைகளைத் திங்களில் 15 நாள்களுக்கு மேல் விழுங்கி வந்தால் அம்மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடக்கூடும்.

நாம் செய்யத் தக்கவை

1. கடிந்து கொள்ளுமுன் கேட்போம். "எங்கே வலிக்கிறது?" என்பதோடு, "பள்ளியில் நேற்று என்ன நடந்தது?" என்றும் கேட்போம். பிள்ளை பேசும்போது குறுக்கிடாதிருப்போம்.

2. வலி வரும் நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்து வருவோம். நான்கு வாரங்களில் அதன் போக்கு விளங்கும். மருத்துவர்க்கும் அக்குறிப்பு பயன்படும்.

3. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுவோம். நாளும் ஐந்து நிமிடம் இவ்வாறு செய்தால் நெஞ்சின் படபடப்பு தணியும். பொருட்செலவு ஏதும் இல்லை.

4. கைகளையும் தோள்களையும் சில நொடிகள் இறுக்கிப் பின் தளர்த்துவோம். தசைகளைத் தளர்த்தி அமைதி பெறும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்னும் மருத்துவர் 1929ஆம் ஆண்டில் நூலாகவே எழுதினார்.

5. சுமையைப் பகிர்வோம். வகுப்பாசிரியர், பள்ளியின் ஆலோசக ஆசிரியர், அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவர் ஆகியோரை நாடுவதில் இழிவு ஏதும் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பெரியவரோ சிறியவரோ வாய்விட்டுச் சொன்னால், அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மூச்சுப் பயிற்சியால் கடன் தீராது, கூலியும் உயராது. அவற்றிற்கு வேண்டிய முயற்சி வேறு. ஆனால் அம்முயற்சிக்கு உறுதியான உடலும் தெளிந்த உள்ளமும் இன்றியமையாதவை.

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் "குறிப்பறிதல்" என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். சொல்லாமலே பிறர் உள்ளத்தை உணரும் திறனை அவர் பெரிதும் போற்றினார். அத்திறன் அரசவைக்கு மட்டுமன்று. நம் லயத்து வீட்டுக்கும், அடுக்குமாடி வீட்டுக்கும், வகுப்பறைக்கும் உரியதே. மாணவச் செல்வங்களே, உங்கள் வயிறும் தலையும் அடிக்கடி வலித்தால் அஞ்சாமல் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை சொல்வதை முதலில் நம்புங்கள். நம்பிக் கேட்கும் செவி ஒன்று வீட்டில் இருந்தால், உள்ளத்தின் சுமையில் பாதி அப்போதே இறங்கிவிடும்.