கொட்டானும் மொய்யேடும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)



விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் காட்சியை நம்மில் மூத்தோர் கண்டு வளர்ந்தவர்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும். ஒரு வீட்டாரின் கைகள் அதற்குப் போதா. அண்டை வீட்டார் வந்து நின்றனர். அறுந்த இழையைப் பிணைத்தனர். அதற்குக் கூலி பேசியவர் இலர். மறுவாரம் அவர்கள் பாவு நீளும்போது இவர்கள் சென்றனர். நடவுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் உழவர்க்கும் இது புதிதன்று. கைத்திறனையும் கருவியையும் இவ்வாறு கொடுத்து வாங்கும் முறை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே முறியும் என்பதே இம்மாதப் பாடம்.

நம் செட்டிநாட்டுக் கொட்டானையே எடுத்துக்கொள்வோம். பனங்குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயம் கரைத்த கொதிநீரில் இட்டு எடுப்பர். முடையும்போது ஓலையில் ஈரம் இருத்தல் வேண்டும்; காய்ந்த ஓலை மடிப்பில் முறிந்துவிடும். அடியைச் சதுரமாகப் பின்னி, நாற்புறமும் மேலே மடக்கிச் சுவர் எழுப்புவர். சதுரமாகத் தொடங்கியது வட்ட வாயாக முடிய வேண்டும். அங்கேதான் பழகாத கை அகப்பட்டுக்கொள்ளும்.

நகரத்தார் வீட்டு ஆச்சிமார் வளவில் அமர்ந்து இவற்றை முடைந்தனர்; பாசிமணி கோத்தும் நூற்பின்னல் உறை இட்டும் அழகு செய்தனர். திருமணத்தில் பலகாரமும் வெற்றிலையும் வைத்து வழங்கக் கொட்டான் வேண்டும். விற்பதற்காக அன்று; கொடுப்பதற்காகவே முடைந்தனர். கற்பித்தலும் அவ்வாறே. பக்கத்தில் அமர்ந்த பெண் பார்த்துக் கற்றாள். காணிக்கையும் இல்லை, ஏட்டில் எழுதிய பாடமும் இல்லை.

அதுவே அக்கலையின் பலவீனமும் ஆயிற்று. குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. பக்கத்தில் அமர ஆளில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கொட்டான் முடையத் தெரிந்தோர் மிகச் சிலரே, அவர்களும் முதியோர். விசாலாட்சி இராமசாமி அம்மையார் 2000-ஆம் ஆண்டில் தோற்றுவித்த பண்பாட்டு அறக்கட்டளை இக்கலையைச் சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்றி மீட்டது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கொட்டான் விலைக்கு விற்கிறது. கொடைப் பொருள் சந்தைக்கு வந்துவிட்டதே என வருந்துவோர் உளர், நாம் வருந்தவில்லை. முடைபவர் வீட்டில் உலை கொதிப்பது குறையாகுமா? விற்கும் பெட்டிக்கு அடியிலும் விலை பேசாது கைமாறிய அறிவே கிடக்கிறது.

இனி, கணக்கோடு கூடிய கொடையைக் காண்போம். புதுக்கோட்டையிலும் தஞ்சையிலும், வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணித் திங்கள்களில் மொய் விருந்து நடப்பதை அறிவீர்கள். விருந்துண்டவர் பணம் வைப்பர்; அருகில் அமர்ந்தவர் ஏட்டில் பதிவர். நீர் எனக்கு 1,000 ரூபாய் வைத்திருந்தால், உமது விருந்தில் நான் அந்த 1,000-ஐத் திருப்பி, மேலும் 500 வைப்பேன். அந்த 500 இனி என் பெயரில் வரவேண்டியது. வட்டி இல்லை, பிணை இல்லை, கிணறு வெட்டவும் கடை வைக்கவும் முதல் கிடைக்கிறது.

ஆயினும் இதிலும் நெருக்கடி உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அவ்வட்டாரத் தென்னைகளைச் சாய்த்தது. ஓர் ஊர் முழுவதும் ஒருங்கே அடிபட்டால், வாங்கியதைத் திருப்பும் கை எது? அண்டை வீட்டாரின் கொடை அண்டை வீட்டையும் தாக்கும் துன்பத்திற்கு ஈடு கொடாது. கூட்டுறவில் சேமநிதி ஒதுக்குவதும் ஊர்களைக் கடந்து இணைப்பதும் இதனாலேயே.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடை பற்றி 1925-இல் வெளிவந்த தம் நூலில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்றும் கடமைகளே என்றார். (அவரும் கூட்டுறவு இயக்கத்தில் உழைத்தவர், நம்மவர் என்றே கொள்ளலாம்.) கடமை என்பதில் சுமையும் அடங்கும். சீர் செய்ய இயலாமல் கடன்பட்ட பெற்றோரை நாம் அறிவோம். ஆதலால் கொடை என்ற பெயரைக் கேட்டவுடன் மயங்க வேண்டா.

சங்கத்தில் இதனை எவ்வாறு கையாள்வது? கருவிக்கு ஏடு வேண்டும் என்பது நம் கருத்து. அங்கத்தினர் ஒருவர் இரவல் தந்த அச்சு பல் உடைந்து திரும்பியது. யார் கையில் உடைந்தது என்பதற்குச் சான்று இல்லை. இரு வீட்டாரும் ஓராண்டு பேசவில்லை. கொடுத்த நாள், இருந்த நிலை, திரும்பிய நாள் என மூன்று பத்தி எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். சாய அண்டா, பாவுக் கட்டை, மருந்து தெளிப்பான் அனைத்துக்கும் இது பொருந்தும்.

கற்பித்தலை ஏட்டில் ஏற்றலாகாது. இத்தனை மணி கற்பித்தேன், இத்தனை மணி தா எனக் கேட்கத் தொடங்கினால், மெதுவாகக் கற்போனுக்கு எவரும் சொல்லித்தர மாட்டார்.

"என் கட்டத்தை அவர் எடுத்து நெய்கிறார்" என்னும் முறையீடு இதைவிடக் கடினமானது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒரு தனி நெசவாளரின் உடைமை அன்று. அவ்வட்டாரத்தில் அம்முறைப்படி நெய்வோருக்குப் பொதுவானது. பழைய கட்டமும் அகன்ற கரையும் அவ்வாறே பொது. ஆனால் ஒருவர் தாமே புதிதாக அமைத்த கோலத்தை, அவர் முதற்பாவு விற்றுத் தீருமுன் பிறர் நெய்வதை நாம் முறையென்று கொள்ளவில்லை. எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை. ஒரு திருவிழாக் காலம் என்பார் சிலர், ஓராண்டு என்பார் சிலர்.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு தாளில் இரண்டு குறிப்பு எழுதி வருக. ஒன்று, நீங்கள் இரவல் தரக்கூடிய கருவி. மற்றொன்று, நீங்கள் சொல்லித்தரக்கூடிய வேலை. கோலத்துக்கான கால வரையறையை அன்றே பேசி வாக்கெடுப்போம்.