காய்கறித் தோட்டத்திற்கு மரச்சட்ட வேலி

இரண்டு மாதம் நீர் வார்த்து வளர்த்த கீரையையும் அவரையையும் ஒரு வெள்ளாடு ஒரு நாழிகைக்குள் மொட்டையடித்துவிடும். முள் வெட்டிச் சார்த்தும் வேலி இதனைத் தடுக்குமாயினும், முள் உலர்ந்து நொறுங்குவதால் அதனை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். மரச்சட்ட வேலிக்கு முதற்செலவு அதிகம். அதன் கால்கள் உளுத்துப் போகாதிருந்தால்தான் அச்செலவு பயன் தரும்.

30 அடி நீளமும் 20 அடி அகலமுமுள்ள தோட்டத்தின் சுற்றளவு 100 அடி. 5 அடிக்கு ஒன்றாக 20 கால்களும், வாயிலுக்காக மேலும் ஒன்றும் வேண்டும். 2 அங்குல அகலச் சட்டங்களை 2 அங்குலம் இடைவிட்டு அறைந்தால், அடிக்கு மூன்று வீதம் 300 சட்டங்கள், குறுக்குச் சட்டம் இரு வரிசைக்கு 200 அடி, ஆணி 600. அடுத்தடுத்த இரு அங்கத்தினர்கள் இத்தகைய தோட்டங்களை 30 அடிப் பக்கம் ஒட்டியிருக்குமாறு அமைத்து, நடுவில் வரப்பு மாத்திரம் விட்டு, வெளிப்புறத்தைச் சேர்ந்து அடைத்தால் 200 அடிக்குப் பதிலாக 140 அடியே போதும். 12 கால்களும் 180 சட்டங்களும் மிச்சமாகும். அண்டை வீட்டாருடன் பேச்சில்லாதவர்களுக்கு இந்த லாபம் கிட்டாது.

கால் 6 அடி நீளமிருக்க வேண்டும். 2 அடி மண்ணுக்குள், 4 அடி வெளியே. கருவேல், பனை முதலியவற்றின் வைரம் பாய்ந்த பகுதியையே கொள்ள வேண்டும். கருவேலின் வெளிப்புறத்து வெண்மரத்தைக் கறையான் முதலில் தின்னும். எந்தக் காலும் பெரும்பாலும் தரைமட்டத்திலேயே இற்றுவிடுகிறது. ஏனெனில் மரத்தை அரிக்கும் காளானுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். ஆழத்தில் காற்றுக் குறைவு. தரைக்கு மேலே ஈரம் நிலைப்பதில்லை. இரண்டும் கூடுமிடம் தரைமட்டமே. அடிமுனையைத் தீயில் கருக்கினால் போதும் என்பது பலர் எண்ணம். கருக்குதல் மேற்புறத்தை மாத்திரம் மாற்றும். வெடிப்புகளின் வழியே ஈரம் உட்புகும். ஆகையால் நன்கு உலர்ந்த காலின் அடியிலிருந்து தரைக்கு மேல் அரையடி வரை காய்ச்சிய தாரை இருமுறை பூசுவது உசிதம். ஈரமரத்தின்மேல் பூசிய தார் பயன்படாது.

மூலைக்கால்களை முதலில் நட்டு, நூல் பிடித்து, மற்றவற்றை நேராக நிறுத்தவேண்டும். குழியில் மண்ணைச் சிறிது சிறிதாக இட்டுக் கடப்பாரையின் அடிப்புறத்தால் இறுக இடித்து, காலைச் சுற்றி நீர் தேங்காதபடி சரிவாக அணைக்கவேண்டும்.

சட்டங்களைக் குறுக்குச் சட்டத்தின் வெளிப்புறத்தில் அறைவதே முறை. ஆடு முட்டும்போது சட்டம் குறுக்குச் சட்டத்தின்மீதே அழுந்தும். உட்புறத்தில் அறைந்திருந்தால் ஆணி பிடுங்கிக்கொள்ளும். முனை பிளவாதிருக்க முன்னரே துளையிடுக. தலையைச் சாய்வாக அறுத்தால் மழைநீர் வழிந்தோடும். அடிமுனை தரையில் படாமல் 2 அங்குலம் உயர்ந்திருக்கவேண்டும். கோழிக்குஞ்சுகளை இவ்வேலி தடுக்காது.

வாயிற்கதவு 3 அடி அகலம் போதும். நாளடைவில் அது தொங்கித் தரையில் உராயாதிருக்க, கீலுள்ள பக்கத்தின் அடிமூலையிலிருந்து தாழுள்ள பக்கத்தின் மேல்மூலைக்கு ஒரு சாய்சட்டம் அறையவேண்டும். மாறாக அறைந்தால் கதவின் பாரம் ஆணிகளையே இழுக்கும்.